ரிப்போர்ட் கேட்டீர்கள், ரிப்போர்ட் வந்தது

கேள்வி:

ஐயா, வணக்கம். மதுரை–மேலூர் சாலைப் பக்கம் ஒரு தனியார் ஐடிஐயில் முதல்வராக இருக்கிறேன். ஃபிட்டர், எலக்ட்ரீஷியன், வெல்டர், டீசல் மெக்கானிக், கோபா (கம்ப்யூட்டர் பயிற்சி) என்று ஐந்து டிரேடு, 18 இன்ஸ்ட்ரக்டர்கள். போன வருடம் ஒரு பயிற்சிக்குப் போனபோது, இங்கிலாந்தில் நம்முடையதைப் போன்ற தொழிற்கல்வி நிலையங்களில் ஆசிரியர்களே தங்கள் வகுப்பை ஆராய்கிறார்கள் என்று சொன்னார்கள். ஆசையாக இருந்தது. திரும்பி வந்ததும், எல்லோரும் மார்ச்சுக்குள் ஒரு செயல் ஆராய்ச்சி (தன் வகுப்பைத் தானே ஆராய்ந்து, மாற்றிப் பார்ப்பது) அறிக்கை தர வேண்டும் என்று சர்க்குலர் போட்டேன். 11 பேர் கொடுத்தார்கள். அதில் நான்கு, தலைப்பைத் தவிர எழுத்துக்கு எழுத்து ஒன்று. மற்றவர்கள் நேரமில்லை என்கிறார்கள். ஃபிட்டர் செக்‌ஷன் மூத்த இன்ஸ்ட்ரக்டர், “பசங்களுக்கு வெர்னியர் (நுட்பமாக அளக்கும் கருவி) பார்க்கவே வரல, இதுல ஆராய்ச்சியா? அதெல்லாம் யுனிவர்சிட்டிக்காரங்க வேலை மேடம்” என்று நேருக்கு நேர் சொல்லிவிட்டார். தாளாளரோ, “இதனால அட்மிஷன் கூடுமா?” என்று கேட்கிறார். விட்டுவிடலாமா, இல்லை வேறு வழி இருக்கிறதா?

— ஒரு முதல்வர், மதுரை மாவட்டம்

பதில்:

அன்புள்ள முதல்வர் அவர்களுக்கு,

நான்கு அறிக்கைகள் ஒரே மாதிரி இருந்தன என்று வருத்தப்படுகிறீர்கள். மீதி ஏழும் ஏழு வேறு இடத்திலிருந்து எடுத்தவையாக இருக்கும் என்பது என் சந்தேகம். கோபித்துக்கொள்ளாதீர்கள். ஆசிரியர் பயிற்சியிலேயே காலம் தள்ளியவன் நான். இந்த மாதிரி அறிக்கைகளைக் கட்டுக்கட்டாகப் பார்த்திருக்கிறேன். உங்கள் ஆட்கள் ஏமாற்றினார்கள் என்று நினைக்காதீர்கள். தேதி போட்டு ரிப்போர்ட் கேட்டீர்கள், ரிப்போர்ட் வந்தது. உங்களுக்கு வகுப்பில் எது புரியாத புதிராக இருக்கிறது என்று அந்தச் சர்க்குலர் யாரையும் கேட்கவில்லை.

விட வேண்டாம். சர்க்குலரை மட்டும் விட்டுவிடுங்கள்.

நீங்கள் கேள்விப்பட்டது உண்மைதான். இங்கிலாந்தில் பள்ளி முடித்த, 16 வயதுக்கு மேற்பட்டவர்கள் படிக்கும் ஃபர்தர் எஜுகேஷன் கல்லூரிகள் உண்டு. குழாய் வேலை, செங்கல் கட்டு, முடி திருத்துதல், எலக்ட்ரிகல் எல்லாம் அங்கே பாடம். ஆசிரியர்களில் பலர் தொழிலில் இருந்து வந்தவர்கள், உங்கள் இன்ஸ்ட்ரக்டர்களைப் போல. ஆசிரியரே ஆராய்ச்சியாளர் என்ற எண்ணத்தை அந்த நாட்டில் ஊன்றியவர் லாரன்ஸ் ஸ்டென்ஹவுஸ். 1967-ல் தொடங்கிய ஒரு பாடத்திட்டப் பணியை அவர் நடத்தினார். பள்ளியை விட்டுப் போகும் வயதில் இருக்கிற பிள்ளைகளோடு சச்சரவுள்ள விஷயங்களைப் பேச வைப்பது அதன் நோக்கம். அதில் ஆசிரியர்கள் வகுப்பில் நடந்த விவாதத்தை டேப்பில் பதிவு செய்து, பிறகு தாங்களே போட்டுக் கேட்டார்கள். தான் குறுக்கே பேசுகிற இடம், பிள்ளை சொல்ல வந்ததைத் தட்டிவிட்ட இடம் எல்லாம் அப்போதுதான் ஆசிரியருக்கே தெரியும். செயல் ஆராய்ச்சி என்ற பெயர் அதற்கும் முந்தியது. 1940-களில் அமெரிக்காவில் இருந்த உளவியலாளர் குர்ட் லெவின் பேச்சில் அது வந்துவிட்டது.

ஒன்று கவனியுங்கள். அங்கேயும் இது சொகுசாக நடக்கவில்லை. ஃபர்தர் எஜுகேஷன் ஆசிரியருக்கு வகுப்பு நேரம் அதிகம். ஆராய்ச்சி என்பது பெரும்பாலும் அவர் வேலை ஒப்பந்தத்திலேயே இருக்காது. 1997-ல் தொடங்கிய லேர்னிங் அண்ட் ஸ்கில்ஸ் ரிசர்ச் நெட்வொர்க் என்ற கூட்டம், அப்படிப்பட்ட ஆசிரியர்கள் தாங்களாகக் கூடிப் பேசிக்கொள்ளும் இடமாகவே ஓடி வந்திருக்கிறது. மேலிடத்து உத்தரவை விட இந்தச் சேர்மானம்தான் அவர்களைத் தாங்கியது என்பது என் கணிப்பு.

நம் ஊருக்கு இது வேறு வழியாக வந்தது. 1986 தேசியக் கல்விக் கொள்கைக்குப் பிறகு மாவட்டந்தோறும் ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனங்கள் வந்தன. நம் மாவட்டத்துக்கு டி.கல்லுப்பட்டியில் இருக்கிறது. பள்ளி ஆசிரியர்களுக்குச் செயல் ஆராய்ச்சியைச் சொல்லிக் கொடுத்ததில் இவற்றுக்குப் பெரிய பங்கு உண்டு. பி.எட். பாடத்திலும் நுழைந்தது. நுழைந்த வேகத்தில் கெட்டியாகவும் ஆகிவிட்டது. முன்னுரை, நோக்கம், கருதுகோள், புள்ளிவிவரம், முடிவுரை என்று ஐந்து அத்தியாயம். கடைசியில் ஸ்பைரல் பைண்டிங். 30 பிள்ளைகளை வைத்து டி-டெஸ்ட் என்ற புள்ளியியல் கணக்குப் போட்டு, நான் சொல்லிக் கொடுத்ததால் தேறினார்கள் என்று முடிக்க வேண்டியது. தேறவில்லை என்று முடிந்த ஒரு அறிக்கையை நீங்கள் எங்காவது பார்த்திருந்தால் எனக்கு அனுப்புங்கள், ஆசையோடு படிப்பேன்.

உங்கள் ஐடிஐ பள்ளிக்கல்வித் துறைக்குள் வருவதில்லை. வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித் துறைக்குள் வருகிறது. அதனால் நல்லதும் வரவில்லை, கெட்டதும் முழுசாக வரவில்லை. உங்கள் ஆட்களுக்கு அந்த ஐந்து அத்தியாயம் பழக்கமில்லை. அதை நான் நல்வாய்ப்பு என்றே சொல்வேன்.

ஏனென்றால் ஆராய்ச்சிக்கு வேண்டிய புத்தி அவர்களிடம் ஏற்கெனவே இருக்கிறது, வேறு இடத்தில். மோட்டார் ஓடவில்லை என்று ஒருவர் கொண்டு வந்தால் உங்கள் எலக்ட்ரீஷியன் இன்ஸ்ட்ரக்டர் என்ன செய்வார்? உடனே காயிலைப் பிரிக்க மாட்டார். சப்ளை வருகிறதா, ஃபியூஸ் சரியா, கெப்பாசிட்டர் போயிருக்கிறதா, பேரிங் பிடித்திருக்கிறதா என்று ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போவார். ஒரே நேரத்தில் மூன்றை மாற்றினால் எது கோளாறு என்று தெரியாமல் போகும் என்பதும் அவருக்குத் தெரியும். அதே மனிதர் வகுப்புக்குள் நுழைந்ததும், “இந்த பேட்ச் சரியில்ல சார்” என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார். மோட்டாரைப் பற்றி யாராவது அப்படிச் சொன்னால் அவரே சிரிப்பார்.

இப்போது உங்கள் ஃபிட்டர் இன்ஸ்ட்ரக்டரிடம் வருகிறேன். எனக்கு அவரைப் பிடித்திருக்கிறது. “பசங்களுக்கு வெர்னியர் பார்க்கவே வரல” என்று சொன்னாரே, உங்களிடம் வந்த 11 அறிக்கைகளிலும் இல்லாத ஒன்று அந்த வாக்கியத்தில் இருக்கிறது. உண்மையான தொந்தரவு. அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். அவரிடம் ஆராய்ச்சி என்ற வார்த்தையையே எடுக்காதீர்கள். “சார், வரலன்னா எப்படி வரல? எங்க தப்பு பண்றாங்க?” என்று மட்டும் கேளுங்கள். “எல்லாத்துலயும்தான்” என்பார். சரி, பார்க்கலாம் சார் என்று சொல்லுங்கள்.

பார்ப்பது எப்படி என்பதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், மற்றதெல்லாம் இதன் நீட்சிதான்.

பிள்ளைகள் செய்து முடித்த ஜாப்களில் (உலோகத் துண்டுகளில்) ஐந்தை எடுத்து எண் ஒட்டச் சொல்லுங்கள். அவரே முதலில் அளந்து சரியான அளவைக் குறித்துக்கொள்ளட்டும். அப்புறம் வகுப்பில் இருக்கும் 20 பேருக்கும் ஒரு துண்டுச்சீட்டு. ஒவ்வொருவரும் தனியாக வந்து ஐந்தையும் அளந்து எழுதிப் போட்டுவிட்டுப் போக வேண்டும். மார்க் கிடையாது, அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். மார்க் உண்டென்றால் பக்கத்து பெஞ்சின் அளவுதான் உங்களுக்குக் கிடைக்கும்.

சீட்டுகள் வந்ததும் எத்தனை பேர் சரி என்று எண்ண வேண்டாம். தப்புகளைப் படியுங்கள். ஒரு ஜாப்பின் அளவு 23.34 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். மெயின் ஸ்கேலில் 23, லீஸ்ட் கவுண்ட் (வெர்னியரின் ஒரு கோட்டுக்கு உரிய அளவு) 0.02, வெர்னியரில் 17-வது கோடு மெயின் ஸ்கேல் கோடு ஒன்றோடு ஒட்டுகிறது, 17-ஐ 0.02-ஆல் பெருக்கினால் 0.34. ஒருவன் 23.17 என்று எழுதியிருப்பான். அவன் கோட்டைச் சரியாகத்தான் பார்த்திருக்கிறான், பெருக்கத்தான் மறந்துவிட்டான். இன்னொருவன் 26.4 என்று எழுதியிருப்பான். பார்க்கப் பெரிய தப்பு. ஆனால் அவன் கருவியை ஒழுங்காகப் பிடித்து, ஒழுங்காகப் பார்த்து, பெருக்கும்போது புள்ளியை இடம் மாற்றி வைத்து 3.4 ஆக்கி, 23-ஓடு கூட்டிவிட்டான். அவனுக்கு வெர்னியர் வரும். தசமப் புள்ளிதான் வராது. ஐந்தாம் வகுப்பு, ஆறாம் வகுப்பில் விட்டுப்போன பாடம் அது. 21.34 என்று எழுதியவன் வெர்னியரின் பூஜ்யத்தைப் பார்க்காமல் ஸ்லைடரின் ஓரத்தைப் பார்த்திருக்கிறான். இவர்கள் மூவருக்கும் ஒரே மாதிரி மறுபடி போர்டில் படம் போட்டு விளக்கினால், அந்த ஓரத்துக்காரன் ஒருவனுக்குப் பிரயோஜனம் இருக்கலாம். மற்ற இருவருக்கும் நேரம் வீண்.

இன்னும் ஒன்று இருக்கிறது, இதுதான் எனக்குப் பிடித்தது. 23.32 என்று எழுதிய பையன். பக்கத்துக் கோட்டைப் பார்த்திருப்பான், கண் பழக்கம், போகப் போகச் சரியாகும் என்று எந்த இன்ஸ்ட்ரக்டரும் சொல்வார். இருக்கலாம். ஆனால் வெர்னியர் ஸ்கேலில் ஐந்து கோட்டுக்கு ஒரு எண் போட்டிருக்கிறதே, அந்த 3-ஐப் பார்த்து, அதற்கு அப்புறம் இரண்டு கோடு, ஆகவே .32 என்று படித்திருந்தால்? அவன் கண் சரியாகவே இருக்கிறது. ஒரு கோட்டுக்கு 0.02 என்பது மட்டும் அவன் மண்டையில் ஏறவில்லை. இரண்டு காரணத்துக்கும் ஒரே தப்பு விடை. சீட்டை வைத்துக் கண்டுபிடிக்கவே முடியாது. அவனைப் பக்கத்தில் உட்கார வைத்து, “சத்தமாச் சொல்லிக்கிட்டே பாருடா தம்பி” என்றால் அரை நிமிடத்தில் தெரிந்துவிடும்.

ஆகவே சீட்டுகளைப் பிரித்து அடுக்கிய பிறகு, ஒவ்வொரு அடுக்கிலிருந்தும் ஓரிருவரைக் கூப்பிட்டு வாய்விட்டு அளக்கச் சொல்ல வேண்டும். மொபைலில் குரலை மட்டும் பதிவு செய்துகொள்ளலாம், அவர்களிடம் கேட்டுக்கொண்டு. இங்கேதான் ஒரு சங்கடம். நடுவில் திருத்தாமல் இன்ஸ்ட்ரக்டர் சும்மா உட்கார வேண்டும். பல வருடம் சொல்லிக் கொடுத்த வாய்க்கு அது ரொம்பக் கஷ்டம். திருத்துவது அப்புறம் திருத்தலாம். தப்பு எப்படிப் பிறக்கிறது என்று கேட்கும் வாய்ப்பு போனால் வராது.

அடுத்தது, ஒரே ஒரு மாற்றம். எந்த அடுக்கு பெரியதோ அதற்கு. தசமப் புள்ளி அடுக்கு பெரியதாக இருந்தால் கருவியைத் தொடாமல் இரண்டு மூன்று நாள் வேலை. ரூபாய், பைசா என்று சொல்லிக் கொடுக்கலாம் என்று எனக்குத் தோன்றும். ஆனால் இந்தப் பிள்ளைகள் பைசாவைக் கையில் பார்த்ததே இல்லை. பெட்ரோல் பங்க் மீட்டர் அவர்களுக்கு நன்றாகத் தெரியும், புள்ளிக்குப் பிறகு இரண்டு இலக்கம் ஓடுவதைத் தினமும் பார்க்கிறார்கள். இதை உங்கள் இன்ஸ்ட்ரக்டர் என்னை விட நன்றாக யோசிப்பார். மூன்று வாரம் கழித்து, வேறு ஐந்து ஜாப், மறுபடி சீட்டு. மறுநாளே வைத்தால் எல்லோரும் சரியாகத்தான் எழுதுவார்கள். மூன்று வாரத்துக்குப் பிறகு என்ன மிஞ்சியிருக்கிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. முடிந்தால் இரண்டாம் தடவைச் சீட்டுகளை வெல்டர் செக்‌ஷன் நண்பரோ வேறு யாரோ திருத்தட்டும். நம் உழைப்பின் பலனை நாமே எண்ணும்போது கண் கொஞ்சம் தாராளமாகிவிடும்.

இவ்வளவுதான். இது ஆராய்ச்சியா என்று யாராவது கேட்டால், ஆம், முழு ஆராய்ச்சி. கேள்வி இருக்கிறது, திரட்டிய ஆதாரம் இருக்கிறது, மாற்றிப் பார்த்தது இருக்கிறது, தவறாகப் போக வழியும் இருக்கிறது. 20 பேரில் 9 பேர் புள்ளியில் தடுக்கினார்கள், மூன்று வாரத்துக்குப் பிறகு 4 பேர் தடுக்கினார்கள் என்று எழுதினால் போதும். அதைச் சதவீதமாக்க வேண்டாம். 20 பேரில் ஒரே ஒரு பையனின் விடை மாறினாலே சதவீதம் ஐந்து புள்ளி நகரும். டி-டெஸ்ட்டும் வேண்டாம். தமிழ்நாட்டு ஐடிஐ மாணவர்கள் எல்லோரும் இப்படி என்று சொல்லவும் வேண்டாம். உங்கள் ஃபிட்டர் செக்‌ஷனில், இந்த வருடம், இப்படி. பக்கத்து ஐடிஐக்காரர் அதைக் கேட்டுவிட்டுத் தன் பிள்ளைகளிடம் பார்த்துக்கொள்வார்.

எல்லாக் கேள்வியும் பாடத்துக்குள் இருக்க வேண்டியதில்லை. மேலூர்ப் பக்கம் எனக்குத் தெரிந்த ஒரு இன்ஸ்ட்ரக்டர், இரண்டாம் வருடப் பையன்கள் லீவு போடுவதைப் பற்றிப் புலம்பிக்கொண்டே இருப்பார். ஒரு நாள் வருகைப் பதிவேட்டையும் சுவரில் தொங்கிய தினசரி காலண்டரையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பெரிய முகூர்த்த நாட்களில்தான் பெஞ்சுகள் காலி. பையன்கள் கல்யாண மண்டபங்களில் பந்தி பரிமாறப் போய்க்கொண்டிருந்தார்கள். அவர் திட்டுவதை நிறுத்திவிட்டு, முக்கியமான பிராக்டிகலை முகூர்த்தம் இல்லாத நாளுக்கு நகர்த்தினார். எல்லோரும் வந்துவிட்டார்கள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் சோம்பேறிகள் என்ற பேச்சு அந்த செக்‌ஷனில் நின்றது.

நேரம் பற்றி. நேரமில்லை என்று சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை. தியரி, பிராக்டிகல், ரிக்கார்டு, ஆன்லைன் பதிவேற்றம், இதற்கு நடுவே அட்மிஷன் சீசனில் ஊர் ஊராகப் போய்ப் பள்ளிகளில் பேசும் வேலை வேறு. அதற்கு மேல் ஒன்றைச் சுமத்தினால் காப்பிதான் வரும். எதையாவது எடுத்துவிட்டுத்தான் இதை வைக்க முடியும். உங்கள் ஐடிஐயில் ஒரே தகவலை இரண்டு ரெஜிஸ்டரில் எழுதும் வேலை கட்டாயம் ஏதாவது இருக்கும், ஒன்றை நிறுத்த உங்களால் முடியும். சனிக்கிழமை மதியம் ஒரு மணி நேரம், பதினைந்து நாளுக்கு ஒருமுறை, அந்த நேரத்தில் வேறு மீட்டிங் போட மாட்டேன் என்று வாக்குக் கொடுங்கள். வாக்கைக் காப்பாற்றுவதுதான் கஷ்டம். தாளாளர் திடீரென்று கூப்பிடுவார்.

18 பேரையும் இழுக்க வேண்டாம். இரண்டு பேர், முடிந்தால் மூன்று. தனியாக ஒருவரை மட்டும் விடாதீர்கள். மூன்றாவது வாரத்தில் சலித்துவிடும். ஃபிட்டர் சார் வந்தால் நல்லது, ஏனென்றால் அவர் செய்தால் மற்றவர்கள் எட்டிப் பார்ப்பார்கள். வர மறுத்தால் வற்புறுத்தாதீர்கள். எப்போது தொடங்கலாம் என்றால், ஆயுத பூஜைக்கு ஒர்க்‌ஷாப்பைக் கழுவித் துடைத்த கையோடு தொடங்கலாம். தீபாவளிக்கு முன் முதல் சீட்டு முடிந்துவிட வேண்டும். தை மாதத்தை நம்பாதீர்கள். அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் என்று மூன்று நாள் போகும், அதன் பிறகு யார் மாடு பிடித்தார்கள் என்ற பேச்சு அடங்க இன்னொரு வாரம். சித்திரையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

எழுத்து வேலை ஒரு பக்கம் போதும், தமிழில். என்ன தொந்தரவு, என்ன பார்த்தோம், எதை மாற்றினோம், என்ன ஆனது. இங்கிலீஷில் எழுதச் சொன்ன அன்றைக்கே உங்கள் நல்ல இன்ஸ்ட்ரக்டர்களில் பாதிப் பேர் வாயை மூடிக்கொள்வார்கள். எழுதவே பிடிக்காதவர் சொல்லட்டும், இன்னொருவர் எழுதிக்கொள்ளட்டும்.

அடுத்து, பயம். இது நேரத்தை விடப் பெரிய தடை, ஆனால் யாரும் உங்களிடம் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். “என் 20 பேரில் 9 பேருக்குப் புள்ளி வைக்கத் தெரியவில்லை” என்று ஒரு இன்ஸ்ட்ரக்டர் எழுதிக் கொடுத்தால், அடுத்த இன்கிரிமென்ட் நேரத்தில் அந்தத் தாள் எங்கே இருக்கும்? உங்கள் மேஜையிலா, தாளாளர் மேஜையிலா? தனியார் நிறுவனத்தில் வேலை பார்ப்பவருக்கு இந்தக் கேள்வி வராமல் இருக்குமா? குறையைக் கண்டுபிடித்துச் சொன்னவருக்கு அதனாலேயே கெடுதல் வரும் என்றால், எல்லா ஆராய்ச்சியும் வெற்றி என்றுதான் முடியும். அந்தத் தாள்கள் பணி மதிப்பீட்டுக் கோப்புக்குள் போகாது என்று எழுத்தில் கொடுங்கள். இதற்குச் சர்க்குலர் போடலாம், பரவாயில்லை.

நம் ஊரிலேயே ஒரு பாடம் இருக்கிறது. 1976-ல் டாக்டர் கோ. வெங்கடசாமி 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை இன்று உலகத்துக்குத் தெரியும். அறுவை சிகிச்சையில் ஏற்பட்ட சிக்கல்களைப் பதிந்து, எண்ணி, கூடிப் பேசித் திருத்துவது அங்கே அன்றாட வேலையின் பகுதி. கிராமத்துப் பெண்களைத் தேர்ந்தெடுத்துக் கண் மருத்துவ உதவியாளர்களாகப் பயிற்சி கொடுத்து, அவர்களை நம்பியே அவ்வளவு பெரிய அமைப்பை நிறுத்தினார்கள். அங்கே ஆராய்ச்சிக்கென்று தனிப் பிரிவும் இருக்கிறது, அது வேறு. நான் சொல்ல வருவது, தன் வேலையைத் தானே எண்ணிப் பார்க்கும் பழக்கம். உங்கள் இன்ஸ்ட்ரக்டர்களை ஒரு நாள் அழைத்துப் போய்க் காட்ட முடிந்தால், இங்கிலாந்தைப் பற்றிய பவர்பாயிண்டை விட அது மேல்.

பிள்ளைகள் விஷயத்தில் கொஞ்சம் கண்டிப்பாகச் சொல்கிறேன். பாதிப் பேர் 18 வயதைத் தாண்டாதவர்கள். எதற்காக அளக்கச் சொல்கிறோம் என்பதை அவர்களிடம் சொல்லுங்கள். வேண்டாம் என்கிற பையனை விட்டுவிடுங்கள். சீட்டில் பெயருக்குப் பதில் எண் போதும். தப்பாக அளந்த வீடியோவை ஸ்டாஃப் வாட்ஸ்அப் குழுவில் போட்டுச் சிரிக்கிற வேலை நடந்தால் அன்றோடு எல்லாம் முடிந்தது. அப்புறம், பாதி வகுப்புக்கு நல்ல முறையில் சொல்லிக் கொடுத்து மறு பாதியை வேண்டுமென்றே பழைய முறையில் விட்டு ஒப்பிட்டுப் பார்க்கலாமா என்று யாராவது கேட்பார்கள். புத்தகத்தில் அப்படித்தான் இருக்கும். உங்கள் பிள்ளைகளுக்கு அந்தப் பாடம் ஒரே ஒரு தடவைதான் நடக்கிறது. கூடாது.

ஜர்னல் ஆசை உங்கள் இளைய ஸ்டாஃபில் ஒருவருக்காவது வரும். காசு கட்டினால் ஒரு வாரத்தில் போட்டுத் தருகிறோம் என்று மெயில் வரும். ஒரு பைசா கட்ட வேண்டாம். அதற்குப் பதில் ஒரு மதியம் புதூர் அரசு ஐடிஐ ஃபிட்டர் இன்ஸ்ட்ரக்டர்களையோ பக்கத்துத் தனியார் ஐடிஐக்காரர்களையோ கூப்பிட்டு, டீ, வடை வாங்கி வைத்து, உங்கள் இருவரும் பத்து நிமிடம் பேசட்டும். கேள்வி கேட்கத் தெரிந்த ஆட்கள் அவர்கள்தான். முறையாகக் கற்றுக்கொள்ள யாருக்காவது ஆர்வம் வந்தால் சென்னை தரமணியில் தொழில்நுட்ப ஆசிரியர்களுக்கான தேசிய நிறுவனம் 1964-லிருந்து இருக்கிறது, அங்கே என்ன பயிற்சி நடக்கிறது என்று விசாரிக்கலாம். அதெல்லாம் இரண்டாம் வருடத்துக்கு.

தாளாளருக்கு என்ன சொல்வது? அட்மிஷன் கூடும் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். கூடாவிட்டால் திட்டமும் போகும், உங்கள் பேச்சுக்கு இருக்கும் மதிப்பும் போகும். அவருக்குப் புரியும் கணக்கு ஒன்று இருக்கிறது. மாதத்துக்கு எத்தனை ஹாக்சா பிளேடு உடைகிறது, எத்தனை வெல்டிங் ராடு வீணாகிறது, எத்தனை ஜாப் ஸ்க்ராப்புக்குப் போகிறது. வெல்டர் செக்‌ஷனில் இரண்டாவது ஜோடி இதையே கேள்வியாக எடுக்கலாம்: ராடு எந்தக் கட்டத்தில் வீணாகிறது, பிள்ளை ஆர்க் பிடிக்கத் தடுமாறும்போதா, பாதி ராடைத் தூக்கிப் போடும்போதா? இதில் மிச்சமாகும் பணம் சின்னதாக இருக்கலாம். ஆனால் அவர் அதைக் காது கொடுத்துக் கேட்பார்.

கடைசியாக, அந்த 11 அறிக்கைகள். திருப்பிக் கொடுத்துவிடுங்கள், திட்டாமல். நான்கு பேரைத் தனியாகக் கூப்பிட்டு விசாரிக்க வேண்டாம், அவர்களுக்கே தெரியும். முதல் கூட்டத்தை உங்கள் அறையில் வைக்காமல் ஃபிட்டர் செக்‌ஷனில், வைஸ் டேபிள் பக்கத்தில் வையுங்கள். நீங்களும் ஒரு கேள்வியோடு போய் உட்காருங்கள், உங்கள் வேலையைப் பற்றிய கேள்வி. முதல் வருடத்தில் சேர்ந்து பாதியில் நின்றுபோன பிள்ளைகள் எந்த மாதத்தில், எந்த டிரேடில், எந்த ஊரிலிருந்து வந்தவர்கள் என்று உங்கள் அலுவலகப் பதிவேடுகளிலேயே இருக்கும், இதுவரை யாரும் அடுக்கிப் பார்த்திருக்க மாட்டார்கள். அதை நீங்கள் எடுத்துக்கொள்ளலாம். நின்றுபோனவர்களில் சிலரையாவது போனில் கூப்பிட்டுப் பேச வேண்டியிருக்கும். அந்தப் பேச்சில் உங்கள் நிர்வாகத்தைப் பற்றியும் ஏதாவது வரும், தயாராக இருங்கள்.

வெர்னியர் சீட்டை எப்படிப் போடுவது என்று ஃபிட்டர் சாருக்குச் சந்தேகம் வந்தால் அவரையே எனக்கு எழுதச் சொல்லுங்கள். மைக்ரோமீட்டருக்கும் சேர்த்தே பேசிக்கொள்ளலாம்; அதில் தப்புகள் வேறு மாதிரி வரும்.